தகரத்தின் மேல் ஒரு காது

மகளே,

நாளை உனக்கு நாற்பதாம் நாள். காலையில் உன்னைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, உன் அம்மாவோடு உன்னையும் பழவேற்காட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு, தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் நம் வாடகை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். இந்தக் கடிதம் இப்போதைக்கு உனக்கு இல்லை. நீ படித்து முடித்து, வேலைக்கோ கல்யாணத்துக்கோ ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் உன் அம்மா ஷமீம் இதை உன்னிடம் கொடுப்பாள். இப்பவே எதற்கு எழுதுகிறீர்கள், அன்றைக்கு எழுதலாமே என்று அவள் கேட்டாள். அன்றைக்கு எழுதினால் நான் கிழவனாகியிருப்பேன். கிழவர்கள் தங்கள் இளமையைப் பற்றி எழுதும்போது எல்லா இடத்திலும் நிதானமாக நடந்துகொண்டதாகவே எழுதுகிறார்கள். எனக்கு இப்போது இருபத்தெட்டு வயது. நிதானம் கிடையாது. இதை நீ உன் அம்மாவிடம் கேட்டால் சொல்வாள்; உன் அம்மாவைப் பெற்றவர், என் மாமி, கேட்காமலே சொல்வார்.

நீ பிறந்து நாற்பது நாள் இந்த வீட்டில் இருந்தது தானாக நடந்த காரியம் இல்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். தலைப்பிரசவம் என்றால் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும், நாற்பது நாள் அங்கேதான் இருக்க வேண்டும். இது நம் தெருவில் யாரும் எழுதி வைக்காத, யாரும் மீறாத சட்டம். ஆனால் சுனாமி அன்று ஏரி ஏறி வந்து இந்தத் தெருவில் முழங்கால் அளவு நின்றது. கொல்லையில் இருந்த கிணறு முழுகியது. தண்ணீர் வடிந்த பிறகு இறைத்துப் பார்த்தார்கள், மறுபடி இறைத்துப் பார்த்தார்கள், உப்பு போகவில்லை. அந்தத் தண்ணீரில் பாலை ஊற்றினால் திரிந்துவிடும். சோப்பு நுரைக்காது. லாரித் தண்ணீர் வந்தது, வந்தபோது வந்தது. குழந்தையை வைத்துக்கொண்டு லாரியை நம்ப முடியாது. உன் அம்மாவுக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. பிரசவத்துக்குப் பிறகு நேராகக் கும்மிடிப்பூண்டிக்கே வந்துவிடட்டும் என்று நான் சொன்னேன். நடைமுறைக்கு ஒத்த யோசனை. அதை நான் சொன்ன விதம் சரியில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

மாமி சத்தம் போடவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “சரி மாப்ளே. எம் பொண்ணு மொதல் பேறுக்கு எங் ஊட்டுக்கு வரல்லன்னா எனக்கு இந்த ஊடு இன்னாத்துக்கு? பூட்டிட்டு எந்தங்கச்சிகூட மெட்ராஸ்ல போய் குந்திக்கறேன்.”

இது மிரட்டல் என்று நினைத்தேன். இல்லை. மாமா இறந்து மூன்று வருஷம்; உன் அம்மா கல்யாணமாகிப் போன பிறகு மாமி இந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார். தெருவில் ஏற்கெனவே சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. தண்ணீர் இல்லாத வீட்டில் ஒரு பெண் தனியாக இருப்பதற்கு ஏதாவது காரணம் வேண்டும். அந்தக் காரணமாக நீ இருந்தாய். நீ வராவிட்டால் அவர் கிளம்பிவிடுவார். கிளம்பினால் இந்த வீடு திரும்பத் திறக்காது. இப்படியே மே மாதம் வந்துவிட்டது; பிரசவத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம். இதுதான் கணக்கு.

உன் அப்பன் என்ன படித்தான், என்ன வேலை செய்தான் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. நான் கல்லூரியில் படித்தபோது ஒரு படம் பார்த்தேன். விண்வெளியில் இருந்து ரேடார் வைத்து சகாரா பாலைவனத்தை எடுத்த படம். சாதாரண கேமராவில் வெறும் மணல். ரேடார் படத்தில் மணலுக்கு அடியில் ஆற்றுப் படுகைகள், கிளை கிளையாக, மாவிலை நரம்பு மாதிரி. மனிதன் பார்க்காத ஆறுகள். காய்ந்த மணல் அந்த அலைக்குக் கண்ணாடி மாதிரி. அன்றைக்கே முடிவு செய்தேன், படித்தால் இதைத்தான் படிப்பது என்று. விஷயம் சுலபம். மேலே இருந்து ஒரு ரேடியோ அலையைக் கீழே அனுப்புகிறாய். தரையில் பட்டு ஒரு எதிரொலி வரும். அலை நீளமாக இருந்தால் மிச்சம் தரைக்குள் இறங்கும். உள்ளே பாறை முடிந்து பனிக்கட்டி தொடங்கும் இடத்தில், பனி முடிந்து மறுபடி பாறை தொடங்கும் இடத்தில், இன்னொரு எதிரொலி வரும், கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதம்தான் ஆழம். தோண்டவே வேண்டாம். நிலாவில் செய்து பார்த்துவிட்டார்கள். செவ்வாயில் செய்ய ஐரோப்பாக்காரர்கள் ஒரு கலத்தை அனுப்பினார்கள். அதன் ரேடார் சமிக்ஞைகளை எப்படிப் பிரிப்பது என்பதுதான் என் முதுகலை ஆய்வு.

படிப்பு முடிந்ததும் செவ்வாய்க்காரர்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன நிறுவனம் கூப்பிட்டது. தொழிற்சாலைகளில் தரைக்கடியில் போகும் பைப், கேபிள் எங்கே இருக்கிறது என்று தோண்டுவதற்கு முன்னால் கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் வேலை. அதற்கும் ரேடார்தான். விண்கலத்துக்குப் பதில் ராகவன். ராகவன் என் கூட்டாளி, திருவள்ளூர் கோயில் தெருக்காரன். அவன் ஆன்டெனா பெட்டியைக் கயிறு கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு போவான், நான் கழுத்தில் கணினியை மாட்டிக்கொண்டு பின்னால் நடப்பேன். இரும்பு உலைகளின் புழுதியிலும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் சாம்பலிலும் நாங்கள் நடக்காத இடம் இல்லை. பெண் பார்க்க வந்தபோது மாமி என் வேலையைக் கேட்டார். செவ்வாய்க் கிரகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எப்படி என்று படித்தவன் என்றேன். மாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, “மேல இருக்கறத பார்த்து முடிச்சாச்சா?” என்று கேட்டார். உன் அம்மா கதவுக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. கல்யாணத்துக்குச் சம்மதிக்க எனக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எங்கள் கருவியைக் கேட்டேன். முதலாளி ஆந்திரா பக்கத்துக்காரர். “எடுத்துக்கினு போ நைனா. அது தண்ணில நனைஞ்சா நீயும் அதோட முழுகிடு” என்றார். ராகவன் சும்மாவே வந்தான், மாமி வைக்கும் எலுமிச்சை ரசத்துக்காக.

இப்போது கவனமாகப் படி. உப்புத் தண்ணீரில் ரேடார் அலை இறங்காது. உப்பு அதைக் குடித்துவிடும். நல்ல தண்ணீரில் இறங்கும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது, அதன் மேல் மிதக்கும். நல்ல தண்ணீர் முடிந்து உப்பு தொடங்கும் இடத்தில் அலை திரும்பி வரும். ஆகவே ஆழத்தில் எனக்கு ஒரு கோடு தெரிந்தால், அந்தக் கோடு வரைக்கும் மேலே இருப்பது நல்ல தண்ணீர். உப்பாக இருந்தால் அலை அங்கே போய்த் திரும்பியே இருக்காது. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. இன்றைக்கும் இல்லை. கொல்லையின் நீளத்துக்கு ராகவன் பெட்டியை ஒரே ஒரு தடவை இழுத்தான். திரையில் ஒரு கோடு வந்தது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக, பளிச்சென்று, ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை. எனக்கு உடம்பே சிலிர்த்தது. தண்ணீர் மட்டத்தைத் தவிர உலகத்தில் வேறு எது அவ்வளவு நேராக இருக்கும்?

ராகவன் குறுக்கே ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். எதற்கு, வெயில் ஏறிவிட்டது, இதைவிடத் தெளிவு வேண்டுமா என்றேன். அன்று சாயங்காலமே ஆள் வைத்து மணலில் குழாய் இறக்கி, மேலே கைப்பம்பு மாட்டியாகிவிட்டது. தெருவே வந்து நின்றது. நான் அடித்தேன். தண்ணீர் வந்தது. மாமி ஒரு வாய் எடுத்துத் துப்பினார். பழைய கிணற்றைவிட மோசம். கூட்டம் கலைந்த பிறகு ராகவன்தான் வாயைத் திறந்தான். “இன்னா பாய், செவ்வாயில தண்ணி தேடறவரு, மாமியார் ஊட்ல உப்பளம் தொறந்துட்டீங்களே.”

அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் தர்க்கம் சரி, கருவி சரி, பிறகு எப்படித் தப்பு? அதே வாரம் வானத்திலும் ஒரு பேஜாரு. செவ்வாயைச் சுற்றும் அந்தக் கலத்தின் ரேடார் ஆன்டெனாவை அப்போதுதான் விரித்தார்கள். அது ஒரு பெட்டிக்குள் மடக்கி வைத்த நீளமான குழாய். திறந்துவிட்டால் தானாகப் படபடவென்று நிமிர வேண்டும். விரிக்கும்போது உதறி கலத்தையே அடித்துவிடுமோ என்று பயந்து ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப் போட்டிருந்தார்கள். கடைசியில் தைரியம் வந்து திறந்தால், ஒரு கணு மட்டும் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளவில்லை. அவ்வளவு தூரத்தில் போய் யார் தட்டி நிமிர்த்துவது? அலுவலகக் கணினியில் இதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எனக்கு அந்தக் கலம் சொந்தக்காரன் மாதிரித் தோன்றியது. இரண்டு பேருக்கும் மாட்டிக்கொண்டது.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எதையும் ஆட்டவில்லை, உதறவில்லை. நிழலில் கிடந்த அந்தக் கணு குளிரில் விறைத்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, கலத்தை மெதுவாகத் திருப்பி அதை வெயிலில் காட்டினார்கள். கொஞ்ச நேரம் வெயில் பட்டது. மறுபடி பார்த்தபோது கணு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. நான் அங்கே இருந்திருந்தால் நிச்சயம் உதறியிருப்பேன். மகளே, இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை, உனக்குள் என் ரத்தம் ஓடுகிறது என்பதால் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். சில காரியங்கள் திருப்பி வைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியவை. கையை வைத்தால் முறிந்துவிடும்.

அந்தச் செய்தியைப் படித்த பிறகு என் பழைய ஆய்வை எடுத்துப் புரட்டினேன். அந்தக் கலத்தில் நீளமான ஆன்டெனா இரண்டு சேர்ந்து ஒன்றாக வேலை செய்யும். அதைத் தவிர மூன்றாவதாக ஒரு சின்ன ஆன்டெனா உண்டு. அதன் வேலை விசித்திரம். நேர் கீழே இருந்து வருவது அதற்குக் கேட்கவே கேட்காது. பக்கவாட்டில் இருந்து வருவது மட்டும் கேட்கும். எதற்கு அப்படி ஒரு செவிட்டுக் காது? செவ்வாயில் மலைகள் உண்டு. பக்கத்தில் இருக்கும் மலையில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் தாமதமாகத்தான் வரும். தரைக்கு அடியில் இருந்து வரும் எதிரொலியும் தாமதமாகத்தான் வரும். திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மலையைப் பார்த்துவிட்டுப் பாதாளம் என்று சொல்லிவிடுவாய். ஆகவே பக்கவாட்டு ஓசையைத் தனியாகக் கேட்டு, மொத்தத்திலிருந்து கழித்துவிட்டால், மிச்சம் நிஜமாகவே அடியில் இருந்து வருவது. இதைப் பற்றி நான் ஒரு அத்தியாயமே எழுதியிருந்தேன். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். மாமியார் வீட்டுக் கொல்லையில் அது ஞாபகம் வரவில்லை, ஏனென்றால் பழவேற்காட்டில் மலை இல்லை.

மலை இல்லை. ஆனால் கொல்லைக்குப் பக்கத்தில் இறால் கிடங்கு இருக்கிறது. அதன் சுவர் முழுக்கத் தகரம். கொல்லையின் நீளத்துக்கு, நாங்கள் நடந்த பாதைக்குச் சரியாக இணையாக, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கருவியைக் கேட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கருவி அறைச் சாவியைக் கொடுத்தார். எங்களிடம் செவிட்டுக் காது இல்லை. நானே செய்துகொண்டேன். ஆன்டெனாவுக்கு அடியில் ஒரு தகரத்தை விரித்துவிட்டால் தரைக்குள் அலை இறங்காது, கீழே செவிடு. அப்போதும் திரையில் ஒரு கோடு தெரிந்தால் அது காற்றில், பக்கவாட்டில் இருந்து வருகிறது. மாமியிடம் போய்க் குளியலறைக் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “போன வாரம் கொல்லைய எடுத்தீங்க. இந்த வாரம் கூரையா? ஷமீமு, அடுத்த வாரத்துக்கு இன்னா வச்சிருக்கோம்?” ஆனால் கழற்றிக் கொடுத்தார்.

தகரத்தைக் கொல்லையில் விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்தோம். கோடு அப்படியே இருந்தது. அதே இடத்தில், அதே பளிச்சில். நான் போன வாரம் தண்ணீர் என்று காட்டியது இறால் கிடங்கின் சுவர். ராகவன் அந்தச் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பரவால்ல பாய், சுவரு நல்ல சுவருதான்” என்றான். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதில் ஒரு சுகம் உண்டு, அது உனக்கும் ஒருநாள் கிடைக்க வேண்டும். கொல்லை முழுக்க அங்குலம் அங்குலமாக இழுத்தோம். ஒவ்வொரு இடத்திலும் தகரத்தோடு ஒரு தடவை, தகரம் இல்லாமல் ஒரு தடவை. பக்கவாட்டைக் கழித்துவிட்டால் கொல்லையில் மிச்சம் ஒன்றுமே இல்லை. வெறும் இருட்டு. தெருப்பக்கமும் இருட்டு. முன்பு எனக்கு இருட்டு பிடிக்காது. விடையில்லை என்று எடுத்துக்கொள்வேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, இருட்டும் விடைதான். அலை திரும்பவில்லை என்றால் அங்கே உப்பு. வெள்ளம் நின்ற இடமெல்லாம் மேலிருந்து உப்பு இறங்கியிருக்கிறது.

வெள்ளம் நிற்காத இடம் எது என்று உன் அம்மாதான் கேட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுனாமி அன்று தாயைப் பார்க்க வந்து அவளும் இந்த வீட்டில்தான் இருந்தாள். வீட்டின் தரை தெருவைவிட இடுப்பளவு உயரம். தண்ணீர் படிக்கட்டு வரைக்கும்தான் வந்தது, உள்ளே வரவில்லை. “உள்ள முற்றத்துல பார்த்தீங்களா?” என்று கேட்டாள். வீட்டின் நடுவில் வானம் தெரியும் முற்றம். நாலு பக்கக் கூரையில் பெய்த மழையும் வருஷக்கணக்காக அங்கேதான் கொட்டி, ஓரத்துத் துளைகள் வழியாக மணலுக்குள் இறங்கியிருக்கிறது. அதை மூழ்கடித்த உப்பு எதுவும் இல்லை.

முற்றத்தில் இழுத்தோம். நாலு சுவரும் நாலு பக்கமும் கத்தின. தகரத்தை வைத்து அவற்றின் சத்தத்தைத் தனியாக எடுத்துக் கழித்தேன். மிச்சமாக ஒரு கோடு வந்தது. பளிச்சென்று இல்லை, நேராகவும் இல்லை. மங்கலாக, ஓரங்களில் மேலேயும் நடுவில் இறங்கியும், விட்டத்தில் கட்டிய தூளி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. தகரத்தை வைத்தால் காணாமல் போனது, எடுத்தால் வந்தது. நல்ல தண்ணீர் மணலுக்குள் மிதக்கும்போது அதன் அடிப்பக்கம் அப்படித்தான் தொங்கும். உண்மையான கோடு பொய்க் கோட்டைவிட எப்போதும் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

ஆனால் முற்றத்தின் தரை சிவப்பு சிமெண்ட். மாமா தன் கையால் பூசி, தேங்காய் நார் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. உன் அம்மாவின் நிக்காஹ் அந்தத் தரையில் நடந்தது. மாமாவைக் கடைசியாகக் கிடத்தியதும் அங்கேதான். போன வாரம் தெருவே பார்க்க உப்பு எடுத்துக் காட்டியவன், இந்த வாரம் அந்தத் தரையை உடைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். ராகவன் அதை நாசூக்காகச் சொல்லலாம் என்றான். எனக்கு நாசூக்கு தெரியாது. மாமி இறால் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்று, போன வாரம் நான் பார்த்தது கிடங்கின் சுவர், இந்த வாரம் பார்த்தது முற்றத்துக்கு அடியில், உடைக்க வேண்டும் என்று சொன்னேன்.

மாமி இறாலைக் கீழே வைத்தார். “அது சுவருன்னு போன வாரம் தெரியல. இது சுவரில்லன்னு இப்ப எப்டி தெரியும்?”

இதுவரைக்கும் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் சரியான கேள்வி அதுதான். என் ஆய்வை மதிப்பிட்ட பேராசிரியர்கள்கூட அதைக் கேட்கவில்லை. நான் விளக்கம் சொல்லவில்லை, காட்டினேன். மாமி கையைக் கழுவிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் குந்தினார். தகரத்தை வை என்றார், வைத்தேன். எடு என்றார், எடுத்தேன். முற்றத்தின் இன்னொரு மூலையில் வை என்றார். மறுபடி எடு என்றார். கோடு அவர் சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது, போனது. முட்டி வலிக்கும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம் முற்றத்தின் நடுவில் போய் நின்று, காலால் அந்தச் சிவப்புத் தரையை ஒருமுறை தடவினார்.

“ஒடைங்க,” என்றார். “ஆனா சின்னதா ஒடைங்க.”

சின்னதாகத்தான் உடைத்தோம், விருந்தில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் ஒரு சஹன் தட்டின் அகலத்துக்கு. குழாய் தூளியின் அடியைத் தொடாதபடி பாதி ஆழத்தில் நிறுத்தினோம். பம்பை மாட்டி அடித்தபோது முதலில் கலங்கலாக வந்தது. நான் வாயில் ஊற்றிப் பார்க்கப் போனேன். மாமி கையைத் தட்டிவிட்டார். தெளியட்டும் என்றார். அன்று முழுக்க மெதுவாக இறைத்து ஊற்றினோம். மறுநாள் வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு நானும் ராகவனும் இங்கேயே இருந்தோம். பம்புக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை. செவ்வாயின் அந்தக் கணுவை நினைத்துக்கொண்டேன். வெயில் முற்றத்தில் ஒரு சுவரில் இருந்து மறு சுவருக்கு நகர்ந்தது.

மறுநாள் மதியம் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. யார் குடித்துச் சொல்வது என்று ஒரு பிரச்சினை. நான் குடித்தால் நான் நல்லது என்றுதான் சொல்வேன், ஷமீம் குடித்தால் எனக்காகச் சொல்வாள், தான் குடித்தால் பேரப்பிள்ளைக்காக நாக்கு பொய் சொல்லும் என்பது மாமியின் வாதம். ராகவனைக் கூப்பிட்டார். “நீ சொல்லு தம்பி. உனக்கு எங் ஊட்ல ஆகவேண்டியது ஒண்ணுமில்ல.” ராகவன் டம்ளரை வாங்கி, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரிக் கையில் ஊற்றிக்கொண்டு ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டான் என்று இன்றைக்கும் சொல்வேன். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தான்.

“டீ போடலாம்மா.”

மாமி அடுப்படிக்குப் போனார். எங்கள் எல்லோருக்கும் அவர் முதுகுதான் தெரிந்தது. பாத்திரத்தில் அந்தத் தண்ணீரை வைத்து, கொதிக்கவிட்டு, பாலை ஊற்றினார். பால் திரியவில்லை. அவர் அந்தப் பாத்திரத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பிப் பார்க்காமலே உன் அம்மாவிடம் சொன்னார், “தூளிக்கு ஒங்க வாப்பா வேட்டி எல்லாம் பெட்டில இருக்குது. தொவச்சுப் போடணும்.”

அவ்வளவுதான். நீ பொன்னேரி ஆஸ்பத்திரியில் பிறந்து, நேராக இந்த முற்றத்துக்கு வந்தாய். மாமாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துச் செய்த தூளியில் தூங்கினாய். மாமி வீட்டைப் பூட்டவில்லை. போன வாரம் எதிர்வீட்டுக்காரர்கள் வந்து, எங்கள் முற்றத்திலும் பார்த்துச் சொல்வீர்களா என்று கேட்டார்கள். முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கருவியைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ராகவன் தகரத்துக்குக் கைப்பிடி வைத்துவிட்டான்.

ஒரே ஒரு சண்டை மிச்சம் இருந்தது. மாமி மோட்டார் வைக்க ஆசைப்பட்டார், நியாயமான ஆசைதான். ஆனால் அடியில் இருக்கும் உப்பின் மேல் இந்தத் தண்ணீர் மெல்லியதாக மிதந்துகொண்டிருக்கிறது. வேகமாக உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு குழாய்க்கு நேராகக் குவிந்து மேலே ஏறிவிடும், அப்புறம் இறங்காது. கையால் அடிக்கும் வேகத்துக்கு மட்டும்தான் அது இனிப்பாக இருக்கும். வாழ்நாளில் முதல் தடவையாக நான் ஒருவரிடம் மெதுவாக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, தேதி குறித்து வைத்துக்கொள்ளட்டுமா என்றாள். நீயும் உன் வாழ்க்கையில் இப்படிப்பட்ட மனிதர்களைப் பார்ப்பாய். அவர்களிடம் நல்ல தண்ணீர் இருக்கும், அதற்கு அடியில் உப்பும் இருக்கும். உனக்குத் தேவையானதைக் கையால் அடித்து எடு. மோட்டார் போடாதே. என்னிடமும் அப்படித்தான், நிறைய உப்பு இருக்கிறது.

செவ்வாயில் இரண்டாவது குழாயும் ஜூனில் சரியாக விரிந்தது. ரேடார் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அது அங்கே சுற்றிச் சுற்றி வந்து, தரைக்குள் அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அடியில் பனி எவ்வளவு ஆழம், எங்கேயாவது தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. முன்பு இந்தத் தெரியாமை என்னைத் தூங்கவிடாது. இப்போது எனக்கு அது பிடித்திருக்கிறது, ஏனென்றால் இதை நீ படிக்கும் நாளில் உனக்குத் தெரிந்திருக்கும். பெட்டிக்குள் மடங்கிக் கிடந்த ஒன்று வெயில் பட்டு நிமிர்ந்த வருஷத்தில் நீ பிறந்தாய். என்ன கண்டுபிடித்தார்கள் என்று நீதான் வந்து எனக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். உன் பாட்டி இறாலைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்ட அதே கேள்வி.

கொல்லையில் இருக்கும் அந்த உப்புப் பம்பைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று நேற்று சொன்னேன். மாமி விடவில்லை. மீன் கழுவ ஆகும் என்றார். பிறகு நான் நகர்ந்ததும் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உன்னிடம் சொன்னது எனக்குக் கேட்டது: “இருக்கட்டும்டி. ஒங்கப்பன் வரும்போதெல்லாம் கண்ணுல படட்டும்.”

ஆகவே அது அங்கேயே இருக்கும். நீ பெரியவளாகி, ஒருநாள் ஒரு விஷயம் உனக்குச் சந்தேகமே இல்லாமல் நேராக, பளிச்சென்று தெரியும்போது, அதை நம்பி எதையாவது தோண்டுவதற்கு முன்னால், இந்த வீட்டுக்கு வா. முதலில் கொல்லைக்குப் போய் அந்தப் பம்பில் ஒரு வாய் அடித்துக் குடி. துப்பு. அப்புறம் உள்ளே முற்றத்துக்கு வா. டீ போடலாம்.

உன் வாப்பா